காய்ச்சல் முதல் தொண்டை அறுவை சிகிச்சை வரை: குழந்தைகளின் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

சென்னையில் குழந்தைகள் வார்டில் செவிலியராகப் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். புறநோயாளிப் பிரிவின் வரிசையிலும், நள்ளிரவில் கட்டிலோரத்திலும், வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டும் பெற்றோரும் பாட்டிமாரும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் குழந்தையைப் பரிசோதித்த மருத்துவர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

சிஸ்டர், எத்தனை டிகிரி இருந்தா காய்ச்சல்? தொட்டுப் பார்த்தா போதாதா?

சித்திரை வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கும் குழந்தையின் நெற்றியும் சுடத்தான் செய்யும். கையை மட்டும் நம்ப முடியாது. அக்குளின் வியர்வையைத் துடைத்துவிட்டு டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்து, கையை உடலோடு சேர்த்துப் பிடித்து, ஒலி எழும்வரை பொறுத்திருக்க வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் காய்ச்சல். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த அளவு வந்துவிட்டால், சிரப் கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

அதைவிடப் பெரிய குழந்தைகளிடம் எண்ணைக் காட்டிலும் நான் முக்கியமாகக் கவனிப்பவை மூன்று. குழந்தை குடிக்கிறதா? கடந்த ஆறு மணி நேரத்தில் சிறுநீர் கழித்ததா? காய்ச்சல் சற்றுத் தணிந்த வேளையிலாவது முகம் பார்த்துச் சிரிக்கிறதா, பொம்மையைக் கையில் எடுக்கிறதா? 103 டிகிரியிலும் இந்த மூன்றும் சரியாக இருக்கும் குழந்தை எனக்கு அவ்வளவு கவலை தருவதில்லை. 100 டிகிரியில் மூன்றும் இல்லாமல் துவண்டு கிடக்கும் குழந்தையைக் கண்டால் உடனே மருத்துவரை அழைக்கிறேன். கீழே பேதியைப் பற்றிய பதிலிலும் இந்த 'மூன்று கேள்விகள்' திரும்ப வரும்.

போன தடவை வாங்கின காய்ச்சல் சிரப் பாதி இருக்கு. அதையே குடுக்கலாமா?

புட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்காமல் கொடுக்கக் கூடாது. பாரசிட்டமால் நம் மருந்துக் கடைகளில் குறைந்தது மூன்று அடர்த்திகளில் கிடைக்கிறது: 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம், 5 மில்லிக்கு 250 மில்லிகிராம், கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மில்லிக்கே 100 மில்லிகிராம். ஒரு வேளைக்கான அளவு எடையைப் பொறுத்தது; கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் பத்துக் கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் வேண்டும். அது முதல் புட்டியில் ஏறத்தாழ 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. 'ஆறு மில்லி' என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வேறு புட்டியிலிருந்து ஊற்றினால் இரு மடங்கோ நான்கு மடங்கோ உள்ளே போய்விடும். அளவுக்கு மீறிய பாரசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும்.

ஆகவே மருந்துச் சீட்டில் மில்லி அளவோடு அடர்த்தியையும் எழுதி வாங்குங்கள். சமையலறைக் கரண்டியில் அளக்காமல், புட்டியோடு வரும் மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளங்கள். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம் இருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் கூடாது. கொடுத்த நேரத்தை உடனே காலண்டர் தாளில் குறித்துவிட்டால், அம்மா கொடுத்ததை அறியாமல் பாட்டியும் கொடுப்பது நேராது. ஆஸ்பிரினைக் குழந்தைகளின் காய்ச்சலுக்குக் கொடுக்கவே கூடாது.

ஈரத்துணி போடலாமா, இல்ல குளிருதுன்னு போர்த்தி விடணுமா?

ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ், அதற்கு மேல் கம்பளி என்று சுற்றி எடுத்துவரப்படும் குழந்தைக்கு நாங்கள் முதலில் செய்வது அவற்றைக் கழற்றுவதுதான். மெல்லிய பருத்திச் சட்டையும் மின்விசிறியும் போதும். உதறல் எடுக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும் ஒரு போர்வை போர்த்தலாம். துடைத்துவிட விரும்பினால் வெதுவெதுப்பான நீரில் துடையுங்கள். ஐஸ் தண்ணீர் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி உதறலைக் கூட்டுமே தவிர உள் வெப்பத்தைக் குறைக்காது.

காய்ச்சல்ல ஃபிட்ஸ் வந்துடுச்சு. கையில சாவிக்கொத்து குடுத்தோம். அது சரிதானே?

சாவிக்கொத்தால் பயன் எதுவும் இல்லை. பெரும்பாலான காய்ச்சல் வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடுவதால் சாவி நிறுத்தியதுபோல் தோன்றுகிறது. ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு இவ்வகை வலிப்பு வருகிறது. பார்க்க நெஞ்சை உலுக்கும் காட்சிதான். ஆயினும் பெரும்பாலும் மூளைக்குப் பாதிப்பை விட்டுச் செல்வதில்லை.

குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஊறும் எச்சில் தானாக வெளியே வழியட்டும். கரண்டி, விரல், தண்ணீர், சிரப் எதையும் வாயில் வைக்காதீர்கள். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நின்று மீண்டும் வந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ 108-ஐ அழையுங்கள். தானாக நின்றுவிட்டாலும் முதல் முறை வந்த வலிப்பை அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மூணு நாள் காய்ச்சல் இப்ப விட்டுடுச்சு. ஆனா புள்ள இன்னும் சோர்ந்தே கிடக்கு. பலவீனம்தானே?

மழைக்காலமாக, அதாவது ஐப்பசி, கார்த்திகையாக இருந்தால், இதைப் பலவீனம் என்று எண்ணிவிடாதீர்கள். டெங்குவில் ஆபத்தான காலம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் வேளையில் தொடங்கி ஓரிரு நாள் நீடிக்கிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இரத்த ஓட்டம் குறைவதால்தான் குழந்தை துவள்கிறது. விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுப்பு மலம், சில்லிட்ட கைகால், சிறுநீர் குறைதல், காரணமில்லாத சிணுங்கல் அல்லது அசாதாரணத் தூக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றிரவே வர வேண்டும்.

டெங்கு என்ற சந்தேகம் இருக்கும்வரை பாரசிட்டமாலைத் தவிர இபுப்ரோஃபன், மெஃபனமிக் அமிலம் போன்ற காய்ச்சல் மருந்துகளைக் கொடுக்காதீர்கள். அவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். நிலவேம்புக் குடிநீரோ பப்பாளி இலைச் சாறோ கொடுத்திருக்கிறோம் என்ற நம்பிக்கையில் மருத்துவமனைக்கு வருவதைத் தள்ளிப்போட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பேதியாகும்போது சாப்பாட்டை நிறுத்தினாதானே வயிறு ஆறும்?

ஆறாது, குழந்தைதான் மெலியும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பால் கொடுங்கள். பெரிய குழந்தைக்கு இட்லி, குழைந்த தயிர் சாதம், பருப்புச் சாதம், மோர், வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம். ஒவ்வொரு பேதிக்குப் பின்னும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி உப்பு–சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) தேவை. குடித்ததை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துவிட்டு, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு சிறு கரண்டியாக மறுபடி தொடங்குங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை தினம் 20 மில்லிகிராம் வீதம் பதினான்கு நாள் எழுதித் தருவார்கள். பேதி மூன்றாம் நாளே நின்றுவிட்டாலும் பதினான்கு நாளும் கொடுக்க வேண்டும்.

கண் குழிந்திருத்தல், அழுதால் கண்ணீர் வராமை, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெதுவாகவே மறைதல், மலத்தில் இரத்தம் ஆகியவை தெரிந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். முன்பு சொன்ன மூன்று கேள்விகள் இங்கேயும் பொருந்தும்.

கடையில ஆரஞ்சு சுவையில அட்டை டப்பாவில வர்றது ஓ.ஆர்.எஸ். இல்லையா?

அவற்றில் பல சர்க்கரை பானங்களே. சர்க்கரை மிகுந்த பானம் குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். சரியான சூத்திரத்தில் இல்லாத பானங்களின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. நீங்கள் வாங்க வேண்டியது, உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று அச்சிட்ட தூள் பாக்கெட். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் அது இலவசமாகவே கிடைக்கிறது.

ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுவதுமாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் என்று கிள்ளிப் போட்டால் உப்பின் அளவு தாறுமாறாகிவிடும். பால், ஜூஸ் எதிலும் கலக்காதீர்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிடுங்கள். 1971-ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையோர அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இத்தகைய எளிய கரைசலைக் கொண்டே காலராவிலிருந்து ஏராளமானோரைக் காப்பாற்றினார். சில ரூபாய்ப் பொருள்தானே என்று இதைக் குறைவாக எண்ண வேண்டாம்.

ராத்திரி முழுக்க இருமுது. ஏன் இருமல் மருந்து எழுதித் தர மாட்டேங்கிறாங்க?

சளி இருமலுக்கு அந்த மருந்துகள் சிறு குழந்தைகளுக்குப் பயன் தருவதில்லை. கெடுதல் செய்ய வாய்ப்புண்டு. 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் கலந்திருந்ததால், மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அதைத் தொடர்ந்து, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதக் கூடாது என்றும், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கத்தக்கவை அல்ல என்றும் மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டும், அடிக்கடி வெதுவெதுப்பான நீரும் போதும். ஒரு வயது நிறைந்த குழந்தைக்கு அரைக் கரண்டித் தேன் இதமாக இருக்கும். ஒரு வயதுக்குள் தேனை நாக்கில் தடவவும் கூடாது. அதிலிருக்கும் ஒருவகைக் கிருமி பச்சிளங்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

இருமல் சத்தத்தைவிட மூச்சைக் கவனியுங்கள். குழந்தை தூங்கும்போது சட்டையை மேலே தூக்கிவிட்டு, கைப்பேசியில் ஒரு முழு நிமிடம் வைத்து, வயிறு எத்தனை முறை எழுகிறது என்று எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40 என்ற எண்ணிக்கையைத் தொட்டாலோ, மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, அது நிமோனியாவாக இருக்கலாம், உடனே வாருங்கள்.

சாம்பிராணி, ஆவி எல்லாம் பிடிக்கலாமா?

மூச்சிரைப்பு உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் சாம்பிராணியும் கொசுவர்த்திச் சுருளும் வேண்டாம். கொதிக்கும் பாத்திரத்தின் முன்னே குழந்தையைப் போர்வைக்குள் உட்கார வைக்காதீர்கள். பாத்திரம் சரிந்து தொடை வெந்த குழந்தைகளுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

உள்நாக்கு வளர்ந்திருக்காம். தொக்கம் எடுத்தா சரியாகிடாதா?

உள்நாக்கு என்பது அண்ணத்தின் நடுவே தொங்கும் சிறு சதை. அது எல்லோருக்கும் உண்டு. வலிக்குக் காரணம் பெரும்பாலும் அதற்கு இரு பக்கமும் இருக்கும் டான்சில், அதாவது நம் வீடுகளில் தொண்டைச் சதை என்று சொல்வது. விரலில் உப்பும் மிளகும் தொட்டு உள்நாக்கை அழுத்துவதும், வாய் வைத்து ஊதித் தொக்கம் எடுப்பதும் புண்ணையும் கிருமியையும்தான் தரும். தொண்டைப் பொருள் மூச்சுக்குழலுக்குள் போய்விடும் ஆபத்தும் உண்டு. மருத்துவர் ஆன்டிபயாட்டிக் எழுதியிருந்தால், வலி மூன்றாம் நாளே போனாலும் சொன்ன நாள்வரை முழுமையாகக் கொடுங்கள். ஸ்டிரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் வரும் தொண்டைப் புண் சரியாக ஆறாவிட்டால், சில வாரங்கள் கழித்து ருமாட்டிக் காய்ச்சலாகத் திரும்பி இதய வால்வுகளைப் பாதிக்கக்கூடும்.

சதையை எடுத்துட்டா எதிர்ப்பு சக்தி போயிடாதா? எப்ப எடுக்கச் சொல்வாங்க?

உடலில் அதே வேலையைச் செய்யும் திசுக்கள் ஏராளமாக இருப்பதால் கவனிக்கத்தக்க குறை எதுவும் வருவதில்லை. ஓராண்டில் ஏழு முறை, அல்லது இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு ஐந்து முறை, அல்லது மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு மூன்று முறை கடுமையான தொண்டை அழற்சி வந்திருந்தால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள். இன்னொரு முக்கியமான காரணம் தூக்கத்தில் மூச்சு தடைபடுவது. குழந்தை குறட்டை விட்டு, திடீரென ஓசை அடங்கி, பிறகு திணறி விழித்தால், அதைக் கைப்பேசியில் ஒரு நிமிடம் படம்பிடித்துக் கொண்டுவாருங்கள். நீங்கள் பத்து நிமிடம் விவரிப்பதைவிட அந்தப் படம் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

காலையில எட்டு மணிக்கு ஆபரேஷன். அஞ்சு மணிக்கு ஒரு வாய் பால் குடுத்தா என்ன?

மயக்கத்தில் இருமலும் விழுங்கலும் இயங்குவதில்லை. வயிற்றிலுள்ள பால் மேலே வந்தால் நேராக நுரையீரலுக்குப் போகும். அது உயிருக்கே ஆபத்து. பொதுவான விதி இது: திட உணவும் பசும்பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன், தாய்ப்பால் நான்கு மணி நேரத்துக்கு முன், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும். மயக்க மருத்துவர் சொல்லும் நேரமே இறுதியானது. அழுகிறதே என்று யாராவது பிஸ்கட் கொடுத்துவிட்டிருந்தால், திட்டுவோமோ என்று பயந்து மறைக்காதீர்கள். சொல்லிவிட்டால் நேரத்தைத் தள்ளிவைப்போம், அவ்வளவுதான். ஆடும் பால்பல் இருந்தாலும், காயம் பட்டால் இரத்தம் எளிதில் நிற்காத வழக்கம் குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலும் முன்பே சொல்லுங்கள்.

வெளியே கூட்டிட்டு வந்ததும் பழுப்பா வாந்தி எடுத்தான். பயமா இருக்கு.

அறுவையின்போது விழுங்கிய பழைய இரத்தம் காப்பித்தூள் நிறத்தில் ஒரு முறை வெளியே வருவது வழக்கம். சிவந்த புதிய இரத்தமோ, திரும்பத் திரும்ப வரும் வாந்தியோ அப்படி அல்ல. முதல் சில மணி நேரம் குழந்தையை ஒருக்களித்தே படுக்க வைப்போம், மல்லாக்கப் புரட்டாதீர்கள்.

உறங்கும் குழந்தையின் தொண்டையைப் பாருங்கள். நிமிடத்துக்குப் பலமுறை விழுங்கியபடியே இருந்தால், அது எச்சிலாக இல்லாமல் இரத்தமாக இருக்கலாம். தலையணை உறையில் ஒரு துளி இரத்தமும் இல்லாமலேயே இது நடக்கும். அதனால்தான் இரவுப் பணியில் நாங்கள் விளக்கைப் போட்டுக் குழந்தையின் கழுத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். நீங்கள் முதலில் கண்டால் மணியடித்து அழையுங்கள். எங்களைத் தொந்தரவு செய்கிறோமே என்று நினைக்காதீர்கள்.

வருஷம் முழுக்க ஐஸ்கிரீம் கூடாதுன்னோம். இப்ப நீங்களே குடுக்கச் சொல்றீங்களே?

குளிர்ச்சி புண்ணை மரக்கச் செய்து வலியைக் குறைக்கிறது; கெடுதல் இல்லை. ஆனால் ஐஸ்கிரீமை மட்டும் நம்பிவிடாமல், விழித்திருக்கும் நேரம் முழுவதும் அடிக்கடி தண்ணீர், இளநீர், மோர், ஆறிய கஞ்சி என்று ஏதாவது குடிக்க வைக்க வேண்டும். குடிக்காத குழந்தைக்குத் தொண்டை வறண்டு வலி கூடும். வலி கூடினால் மேலும் குடிக்காது. மறுநாளிலிருந்து இட்லி, குழைந்த தயிர் சாதம், ரவைக் கஞ்சி போன்ற வழக்கமான உணவுக்கு வந்துவிடலாம். மெல்வதும் விழுங்குவதும் தொண்டைத் தசைகள் இறுகிப்போகாமல் காக்கும். கொதிக்கக் கொதிக்க எதையும் தராதீர்கள். புளிப்பும் காரமும் உள்ள ரசம், எலுமிச்சைச் சாறு புண்ணில் எரியும். முறுக்கு, சிப்ஸ், காய்ந்த ரொட்டி இரண்டு வாரத்துக்கு வேண்டாம்.

முதல் ரெண்டு நாள் நல்லா இருந்தான். நாலாம் நாள் அழுறான், தொண்டையில வெள்ளையா சீழ் மாதிரி இருக்கு.

இக்கேள்வியோடு வரும் தொலைபேசி அழைப்புகளே எங்களுக்கு அதிகம். அந்த வெண்மை சீழ் அல்ல; தோலில் பட்ட காயத்தின் மேல் பொருக்குக் கட்டுவதுபோல, ஈரமான தொண்டையில் புண்ணின் மேல் படியும் படலம். ஐந்தாம் நாளிலிருந்து தானாக உதிரத் தொடங்கி, பத்து, பதினான்கு நாளில் முழுவதும் போய்விடும். அதுவரை வாய் நாறும். சுரண்டவோ துடைக்கவோ கூடாது. வலி மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை, சிலருக்கு ஏழாம் நாள்வரை உச்சத்தில் இருக்கும். 'காது குத்துது' என்று குழந்தை சொன்னால், தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு கிளைவிடுவதே காரணம். காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள்.

வலி வந்தபின் மருந்து கொடுப்பதைவிட, முதல் சில நாட்கள் மருத்துவர் சொன்ன அளவில் கடிகாரத்தைப் பார்த்து நேரம் தவறாமல் கொடுப்பது நல்லது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு கொடுத்தால் விழுங்குவது எளிதாகும். அளவைப் பற்றி இரண்டாம் கேள்வியில் சொன்னது அப்படியே பொருந்தும். கோடீன் கலந்த மருந்து வீட்டில் இருந்தாலும் தொடாதீர்கள். இந்த அறுவைக்குப் பின் அது சில குழந்தைகளின் மூச்சையே நிறுத்திவிடும்.

குரல் மாறிப்போச்சு, குடிக்கிற தண்ணி மூக்கு வழியா வருது. தப்பா ஆபரேஷன் பண்ணிட்டாங்களா?

மூக்குக்குப் பின்னால் இருக்கும் மூக்குச் சதையையும் (அடினாய்டு) சேர்த்து எடுத்திருந்தால் அண்ணம் புதிய இடைவெளிக்குப் பழகச் சில நாட்கள் ஆகும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அஞ்சாம் நாள் ஊர்ல கல்யாணம். வண்டியிலதானே போறோம், கூட்டிட்டுப் போகலாமா?

வேண்டாம். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை அந்த வெள்ளைப் படலம் உதிரும்போதுதான் இரண்டாம் கட்ட இரத்தக்கசிவு வரக்கூடும். நூற்றில் சிலருக்கே வருகிறது என்றாலும், வந்தால் நேரம்தான் உயிர். எனவே இரண்டு வாரம் பள்ளி, ஓட்டம், நீச்சல், கூட்டமான இடங்கள், வெளியூர்ப் பயணம் எதுவும் வேண்டாம். திருத்தணி, செய்யாறு போன்ற இடங்களிலிருந்து வந்து அறுவை செய்துகொண்டவர்கள், முடிந்தால் நகரத்திலேயே உறவினர் வீட்டில் பத்து நாள் தங்குங்கள். தங்க இயலாதவர்கள், இரவில் திறந்திருக்கும், காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ள மருத்துவமனை அருகே எது என்பதை வீட்டுக்குக் கிளம்பும் முன்பே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் நாள் ராத்திரி எச்சில்ல கொஞ்சம் ரத்தம். இப்ப நின்னுடுச்சு. காலையில போனா போதுமா?

போதாது, அப்போதே கிளம்புங்கள். சிறு கசிவு சில மணி நேரத்தில் பெருங்கசிவாக மாறுவதுண்டு, அதற்கு முன்னறிவிப்பு இருக்காது. குழந்தையை நிமிர்ந்து உட்கார வைத்து, தலையைச் சற்று முன்னே சாய்த்து, வரும் இரத்தத்தை விழுங்காமல் ஒரு கிண்ணத்தில் துப்பச் சொல்லுங்கள். கிண்ணத்தைக் கையோடு கொண்டுவாருங்கள், எவ்வளவு போயிருக்கிறது என்பது அதில்தான் தெரியும். மறுபடி மயக்கம் கொடுக்க நேரலாம் என்பதால் தண்ணீரும் கொடுக்காதீர்கள். இரத்தம் நிற்காமல் வந்தாலோ, குழந்தை வெளிறி வியர்த்தாலோ, ஆட்டோவைத் தேடி நிற்காமல் 108-ஐ அழையுங்கள். டிஸ்சார்ஜ் தாளும், கடைசியாகச் சாப்பிட்ட நேரமும் மருந்து கொடுத்த நேரமும் குறித்த அந்தக் காலண்டர் தாளும் உங்கள் பையில் இருக்கட்டும்.